எஞ்சினைக் குளிப்பாட்டலாமா?

யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே ஏ9 வீதியில் ஓடும் வண்டிகளுள் முறிகண்டிப் பிள்ளையார் சந்நிதியில் நில்லாமற் போகும் வண்டியைக் காண்பது அரிது. சாரதி இறங்குவார், கை கால் கழுவுவார், கற்பூரம் கொளுத்துவார், தேங்காய் ஒன்றை உடைப்பார், கச்சான் பொதி ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவார். அங்கே சிறிது நேரம் நின்று இவற்றையெல்லாம் பார்த்திருப்பது எமக்கு நெடுநாட் பழக்கம். வண்டியின் முகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோர் பலர். மாலை சூட்டுவோரும் உளர். ஆயின், பொனற்றை உயர்த்தி உள்ளே இருப்பதை ஒரு கணம் எட்டிப் பார்த்தவர் என்று இதுவரை ஒருவரையோ இருவரையோதான் கண்டிருக்கின்றோம். விக்கினம் தீர்ப்பவர் பிள்ளையார் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும், ஒழுகும் பெற்றோல் குழாயையும் எலி கடித்த வயரையும் அவர் தலையிலேயே சுமத்திவிடுவது முறையாகுமா? அதிலும் எலி அவருடைய சொந்த வாகனம். அதைப் பற்றி அவரிடமே முறையிடுவதில் சற்றே சங்கடமும் உண்டன்றோ!

நவராத்திரி நெருங்கும் நாட்களில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எம்மை நாடி வரும். இம்முறை அதனைக் கொண்டுவந்தவன் உயர்தர வகுப்பில் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவன். அவனுடைய தந்தையார் வாடகை வான் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர்.

“சேர், ஆயுத பூசைக்கு வானைக் கழுவப் போறம். எஞ்சினையும் கழுவலாமோ? அப்பா வேண்டாம் எண்டுறார். கழுவிற இடத்தில கழுவச் சொல்லினம்,” என்றான்.

“தம்பி, துடைக்கலாம், துலக்கலாம், குளிப்பாட்டக் கூடாது,” என்றோம்.

இந்த விடை அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆகவே அவனுக்குச் சொன்னதை விரித்து எழுத வேண்டியதாயிற்று.

இவ்விடயத்தில் எமது புத்தி பட்டுத் தெளிந்த புத்தி. 2013ஆம் ஆண்டு, இதுபோன்றதொரு பூசைக்கு முதல்நாள். அப்போது எம்மிடம் இருந்ததும் இப்போது இருப்பதும் ஒரே வண்டிதான்: எம்மைவிட மூத்த மொறிஸ் மைனர் ஒன்று. நண்பர் ஒருவரிடம் அழுத்த நீர்ப்பம்பியை இரவல் வாங்கி, கோயில் யானையைக் குளிப்பாட்டும் பாகனைப்போல் நின்று, எஞ்சின்மீது நீரைப் பீய்ச்சினோம். பல்லாண்டுக் கறை அரை மணி நேரத்தில் கரைந்தோடியது. துலக்கிய குத்துவிளக்கைப்போல் எஞ்சின் மின்னிற்று. அயலவர் வந்து பார்த்து மெச்சினார். எமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அன்றிரவு பத்து மணியளவில் அதே அயலவர் படலையைத் தட்டினார். மூன்று வயதுப் பேத்திக்குக் கடுங்காய்ச்சல், வலிப்பும் கண்டுவிட்டது. வைத்தியசாலையோ நெடுந்தொலைவு. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும் வசதி 2018ஆம் ஆண்டிலேதான் வடக்கை எட்டியது. அன்று அஃது இல்லை. ஓடிச்சென்று சாவியைத் திருகினோம். எஞ்சின் சுழன்றது; பற்றவில்லை. மீண்டும் திருகினோம்; பற்றவில்லை. சற்று நேரத்தில் பற்றரியும் களைத்துப்போயிற்று. நால்வர் கூடித் தள்ளியும் பயனில்லை. ஈற்றில், உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டியிலே பாய் விரித்து, தாய் மடியிற் பிள்ளையைக் கிடத்தி, அந்த இருளில் கிரவல் வீதி வழியே குலுங்கக் குலுங்கக் கொண்டுசென்றனர். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்று அவள் வெண்சீருடையுடன் சைக்கிளில் எம்மைக் கடந்து செல்வாள்; “வணக்கம் சேர்” என்பாள். அந்த இரவில் எமது வண்டி ஏன் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாட் காலை, நாம் அண்ணை என்றழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். வேறெதையும் தொடவில்லை. டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். உட்புறத்தில் பனி படிந்தாற்போல ஈரம். சாரத்தின் தலைப்பினால் அதைத் துடைத்து மூடியை மாட்டினார். எஞ்சின் உடனே இயங்கிற்று.

“மாஸ்டர், ஒரு சொட்டுத் தண்ணி போதும், எஞ்சின் வாயை மூடிப்போடும். நீங்கள் ஒரு கிணத்தையே ஊத்தியிருக்கிறியள்,” என்றார்.

அவர் சொன்னதன் உட்பொருளை மாணவர்களுக்காகச் சற்று விளக்குவோம். பெற்றோலும் காற்றும் கலந்த ஆவியைப் பற்றவைப்பது பிளக்கின் முனையிலே பாயும் தீப்பொறி. அப்பொறி பாய்வதற்குப் பல்லாயிரம் வோல்ற் மின்னழுத்தம் தேவை. கொயில் அதனை உண்டாக்குகின்றது. டிஸ்ரிபியூட்டர் அதனை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடுகின்றது. அதன் மூடியின் உட்புறம் நனைந்திருந்தால் மின்சாரத்துக்கு எளிய வழி ஒன்று கிடைத்துவிடும். பிளக்கின் இடைவெளியைப் பாய்ந்து கடப்பானேன் என்று, ஈரத்தின்மேல் ஊர்ந்து எஞ்சினின் உடலுக்குள் இறங்கிவிடும். எஞ்சின் சுழலும், ஆனால் உயிர்க்காது. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1959இல் மினி என்னும் சிறுகாரையும் ஆக்கினார். அதிலே எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்ததனால் டிஸ்ரிபியூட்டர் முன்புறக் கம்பித்தட்டியை நோக்கி அமைந்தது. மழையிற் சென்ற மினிக்கார்கள் நடுவழியில் நின்றுபோவது இங்கிலாந்தில் பெயர்பெற்ற கதை. பேரறிஞனுக்கே அடி சறுக்கிய இடத்தில் நாம் சறுக்கியது பெரிதன்று என்று எம்மைத் தேற்றிக்கொள்வதுண்டு.

அவ்வாறாயின் எஞ்சினைத் தொடாமலே விட்டுவிடலாமே எனிற் கூடாது. வன்னி மண் அதற்கு இடங்கொடாது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே கிரவல் வீதியில் ஒரு லொறி முன்னே சென்றால், பின்னே வரும் வண்டிக்குள் செம்புழுதி புகாத துவாரம் இல்லை. வெறும் புழுதி தீங்கு குறைந்தது, ஊதினாற் பறந்துவிடும். பழைய எஞ்சின்களிலோ எங்கேனும் ஓரிடத்தில் ஒயில் கசியாமல் இராது. ஒயிலும் புழுதியும் சேர்ந்தால் களிம்பாகும். களிம்பு காய்ந்தால் கம்பளியாகும். மார்கழிக் குளிருக்குக்கூட நாம் கம்பளி தேடாத நாட்டிலே, எஞ்சினுக்கு ஆண்டு முழுவதும் கம்பளி போர்த்தினால் அதன் சூடு எவ்வாறு வெளியேறும்? றேடியேற்றரின் மெல்லிய தகடுகளிடையே புழுதியும் பூச்சிகளும் அடைத்துக்கொள்ளும். ஒயில் ஊறிய ரப்பர்க் குழாய்கள் பருத்து மெலியும். இவை யாவற்றிலும் மேலாக, அக்களிம்பு ஒரு திரி. ஒழுகும் பெற்றோல் துளியும் உரசிய வயரின் பொறியும் அதன்மேற் சந்தித்தால் வண்டி எரிந்துவிடும்.

இந்த அச்சத்தை எமக்கு முந்திய தலைமுறைச் சாரதிகள் நன்கறிந்திருந்தனர். 1990ஆம் ஆண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின், வடக்கே போராளிகள் வசமிருந்த பகுதிகளுக்குப் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. இளைய வாசகர் நம்பமாட்டார். நாம் அக்காலத்தில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊட்டி, எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இஃது எமது கண்டுபிடிப்பன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் இங்கிலாந்தின் உழவர்கள் உழவு இயந்திரங்களை இம்முறையிலேயே ஓட்டினர். பெர்குசன் நிறுவனம் அதற்கெனவே தனி எஞ்சின் பூட்டிய உழவு இயந்திரங்களை விற்றது. எமக்கு வாய்த்தவை பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிஜும். அவற்றின் எஞ்சின்கள் ஆவியை அதிகம் இறுக்கி அமுக்காதவை. அதனால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. நவீன எஞ்சினுக்கு அவ்வுணவைக் கொடுத்தால் அரைநாளிற் படுத்துவிடும்.

சிறுவராயிருந்த எமக்கு அக்காலத்தில் ஒரு முக்கிய உத்தியோகம் இருந்தது. பெரியவர் முன்னே குனிந்து நின்று கைப்பிடியாற் சுழற்றுவார். நாம் சேலைன் போத்தலிலிருந்து பெற்றோலைத் துளி துளியாகக் காபரேற்றரின் வாயில் விடவேண்டும். துளி குறைந்தால் எஞ்சின் இயங்காது. மிகுந்தால் முழம் நீளத் தீநாக்கு எழும்பும். எமது புருவம் ஒருமுறை பொசுங்கியதுண்டு. இத்தகைய விளையாட்டு நாள்தோறும் நடந்த இடத்தில் ஒயிற் களிம்பு படிய விடுவார்களா? ஒவ்வொரு சாரதியின் ஆசனத்தின் கீழும் பழந்துணி ஒன்று இருந்தது. பொனற்றைத் திறக்கும்போதெல்லாம் எஞ்சினைத் துடைத்தார்கள். துடைக்கும்போதெல்லாம் பார்த்தார்கள். வறுமை கற்பித்த அந்த வழக்கம், 2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்தவுடன் மெல்ல மறைந்தது. பொனற்றைத் திறவாமலே வண்டி இயங்கும்போது யார்தான் திறப்பார்?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 1990களில் தென்னிலங்கையிலே மொறிஸ் மைனரின் உடற்பாகங்களைப் புதிதாகச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்று நடந்தது. பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து உறுப்புகள் சென்றன. எமக்கோ ஒரு பிளக் வாங்குவதும் குதிரைக்கொம்பு. அக்கார்களுட் பல, 2009 வைகாசிவரை மக்களைச் சுமந்து சென்று, முள்ளிவாய்க்கால் மணலிலே துருப்பிடித்து முடிந்தன. அதைப் பற்றி இங்கு விரிக்கப் போவதில்லை.

இனி வீட்டில் எஞ்சினைத் துலக்கும் முறைக்கு வருவோம்.

கழுவுமுன் பாருங்கள். எமது பட்டறிவில் இதுவே தலையாயது. பலரும் தவறவிடுவதும் இதுவே. அழுக்கு ஒரு கடிதம். ஒயில் எங்கிருந்து தொடங்கி எங்கே வழிந்தது, எந்த மூட்டின் கீழ்ப் புழுதி ஈரமாயிருக்கின்றது, காபரேற்றரின் மேற் செம்மஞ்சட் கறை உண்டா, றேடியேற்றர்க் குழாயின் முனையில் வெண்பொடி பூத்திருக்கின்றதா என்பவையெல்லாம் அதிலே எழுதப்பட்டிருக்கின்றன. படிக்குமுன் கழுவினால் கடிதத்தை உறை பிரியாமலே அடுப்பிலிட்டதாகும். இக்காலத்தில் கைத்தொலைபேசி இல்லாத வீடில்லை. நல்ல வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தின் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பொனற்றைத் திறக்குமுன் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவது வன்னியில் வாழ்வோருக்கு நலம். சூட்டை நாடி எலி வரும். எலியை நாடிப் பாம்பு வரும். ஒருமுறை சாரைப் பாம்பு ஒன்று எமது பற்றரியின் பக்கத்திலே சுருண்டு கிடந்து, எம்மைக் கண்டு அலுத்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. எலிக்கூடு இருந்தால் வெறுங்கையால் அள்ளாதீர்கள். கையுறை மாட்டி, சவர்க்கார நீர் தெளித்து நனைத்தபின் எடுத்துப் புதையுங்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டு சென்றதை மறந்துவிடலாகாது. கூட்டை அகற்றிய இடத்திலுள்ள வயர்களை விரலால் தடவிப் பாருங்கள். எலியின் பல் உறையை உரித்திருந்தால் அங்கே செம்பு தெரியும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலையில், வண்டியை எடுக்குமுன், மர நிழலிலே செய்வது உத்தமம். சுட்ட வார்ப்பிரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் வெடிப்புக் காணலாம். சுட்ட புகைக்குழாயின்மேல் மண்ணெண்ணெய் பட்டால் நிகழ்வதைச் சொல்லவேண்டியதில்லை. அடுத்து, பற்றரியின் தொடுப்பைக் கழற்றவேண்டும். எந்த முனையை முதலிற் கழற்றுவது? வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் முனையை. இன்றைய வண்டிகளில் அது மறைமுனை. பழைய மொறிஸ் மைனரிலோ நேர்முனை. பழக்கத்தால் தவறிவிடுவோர் உண்டு. மற்ற முனையை முதலிற் கழற்றப் போய்ச் சாவி உடலிலே தட்டினால் பெரும்பொறி பறக்கும். மீண்டும் பூட்டும்போது உடலோடு சேரும் முனையை ஈற்றிற் பூட்டுக. நவீன வண்டிகளிலே பற்றரியைக் கழற்றினால் வானொலி, கடிகாரம் முதலியவை நினைவிழக்கும். கையேட்டைப் பார்த்துச் செய்வது நன்று.

பின்பு உலர்ந்த வேலை. பழைய பெயின்ற் பிரஷ் ஒன்றாற் புழுதியையும் சருகையும் தட்டி அகற்றுங்கள். வேலையின் பாதி இத்துடன் முடிந்துவிடும் என்றால் மிகையன்று. அதன்பின் டிஸ்ரிபியூட்டர், கொயில், டைனமோ அல்லது ஒல்ரனேற்றர், பியூஸ் பெட்டி, காற்று புகும் வாய், ஒயில் ஊற்றும் மூடி ஆகியவற்றைப் பொலித்தீன் பைகளாற் போர்த்து இறுகக் கட்டுங்கள். கட்டியவற்றை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். காற்று வாயில் ஒரு பையை மறந்துவிட்டு எஞ்சினை இயக்கினால், அது பையை உறிஞ்சி விழுங்கப் பார்க்கும்.

எண்ணெய்க் கறையை நீக்க நம்மவர் கையாளுவது மண்ணெண்ணெய். அது கறையை வெட்டும் என்பது மெய்யே. ஆயின் ரப்பரை ஊதவைக்கும், வயரின் உறையைக் கெடுக்கும், எளிதிற் பற்றும். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு அதன் விலை ஒரே தாவாகத் தாவியபின் மலிவு என்ற பெருமையும் அதற்கில்லை. மீன்பிடிப் படகுக்கும் குப்பி விளக்குக்கும் வேண்டியதை எஞ்சின் கழுவி வீணாக்குவானேன்? பெற்றோலாற் கழுவுவது பற்றிப் பேசவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தை வெந்நீரிற் கலந்து, பிரஷால் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியால் மீண்டும் மீண்டும் துடைத்தால் எமக்குத் தெரிந்த கறைகளுட் பெரும்பாலானவை போய்விடும். கடையில் விற்கும் எண்ணெய் நீக்கிகளைப் பயன்படுத்துவோர், அலுமினியத்தின்மேல் அவற்றைக் காயவிடாது துடைத்துவிட வேண்டும். அடுக்களையின் தும்புப் பிரஷை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எமது இல்லத்தில் அதனால் நிகழ்ந்த விசாரணை இன்றும் முற்றுப்பெறவில்லை.

பற்றரி முனைகளிலே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது அமிலத்தின் வேலை. அப்பச்சோடாவை நீரிற் கரைத்துப் பிரஷால் தொட்டுத் தேய்த்தால் நுரைத்து அடங்கும். மாணவர்கள் இரசாயன வகுப்பிற் படித்ததைக் கண்ணாற் காணலாம். கரைசல் பற்றரியின் உள்ளே இறங்க விடக்கூடாது. துடைத்து உலர்த்தியபின் வசலின் சிறிது பூசினால் மீண்டும் பூப்பது தாமதமாகும். றேடியேற்றருக்கு மட்டும் சிறிது நீர் பாய்ச்சலாம். அதுவும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, பூவாளியின் மெல்லிய விசையில். அழுத்தப் பம்பியின் முன் அந்தத் தகடுகள் பனையோலைபோல் மடிந்துவிடும்.

முடிந்ததும் பைகளை அகற்றி, பொனற்றைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். பழைய வண்டியாயின் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பின்னர் எஞ்சினை இயக்கி, அது சூடாகும்வரை அருகிலேயே நில்லுங்கள். பயணம் உள்ள நாளுக்கு முதல்நாள் மாலையில் இவ்வேலையைத் தொடங்குவது எம்மைப்போன்ற அறிவாளிகளுக்கே உரியது.

கலப்பு எரிசக்தி வண்டிகள் வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. ரொயோட்டா அக்குவா போன்ற வண்டிகள் இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏராளம். அவற்றின் பொனற்றின் கீழே செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் காணப்படும். அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ற். அவ்வயரையோ அது சென்று சேரும் பெட்டியையோ கழற்றவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். சுற்றியுள்ள புழுதியை உலர்ந்த துணியால் துடைப்பதோடு நின்றுகொள்க.

இனி, பலரும் எண்ணிப் பாராத ஒன்று. எஞ்சினிலிருந்து நீங்கிய அழுக்கு எங்கே போகின்றது? கிணற்றடியிலே வண்டியை நிறுத்திக் கழுவுவது நம்மிடம் சர்வ சாதாரணம். நீர் கிட்டுகின்றது என்பதே காரணம். அந்த ஒயில் நிலத்தில் இறங்கி எங்கே சேரும் என்பதை யாழ்ப்பாணத்தார் பெருவிலை கொடுத்துக் கற்றனர். சுன்னாகத்திலே மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாகி, 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதிக்கும்வரை சென்றது. அங்கே கொட்டியது பெருந்தொகை. நம் வீட்டில் கொட்டுவது சிரட்டையளவு என்பது உண்மையே. எனினும் நாம் குடிப்பது நமது கிணற்றையேயன்றிச் சுன்னாகத்துக் கிணற்றையன்று. கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் விலகி வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினின் கீழே பழைய தறப்பாளை விரித்து, அதன்மேல் உமியைப் பரப்புங்கள். நெல் ஆலைகள் நிறைந்த வன்னியில் உமிக்குப் பஞ்சமில்லை. அது ஒயிலைக் குடித்துக்கொள்ளும். பின்பு அள்ளித் தகரம் ஒன்றில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் இடத்திற் கொடுத்துவிடலாம். நீரைக் குறைத்துத் துணியால் வேலைசெய்தால் இந்தத் தொல்லையும் தானாகவே குறையும்.

துலக்கியபின் ரப்பரின் மேலும் பிளாஸ்ரிக்கின் மேலும் பளபளக்கும் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. எமக்கு அது உவப்பன்று. அடுத்த நாளே வன்னிப் புழுதி அதன்மேல் விருந்துண்ண வந்துவிடும். பான் பெல்ற்றிற் பட்டால் வழுக்கும். மேலும் அப்பளபளப்பு விற்பவனுக்கே தேவை, ஓட்டுபவனுக்கன்று. 2020 பங்குனியில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 தொடக்கத்திலேதான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். அக்காலத்தில் எமது நண்பர் ஒருவர் கண்ணாடிபோல் மின்னும் எஞ்சினைக் கண்டு மயங்கி ஒரு வண்டியை வாங்கினார். மூன்றாம் நாள் எஞ்சினின் அடியில் ஒயில் குளமாய் நின்றது. நேற்றுத்தான் கழுவிய எஞ்சினில் கசிவு தெரியாது. ஆகவே வாங்கப் போகின்றவர், “இதை ஏன் கழுவினீர்கள்?” என்று கேட்டுவிட்டு, ஐந்தாறு மைல் ஓட்டி வந்து மறுபடி பொனற்றைத் திறந்து பார்க்கவேண்டும். தன் வண்டியைத் தானே துடைத்தவனும் அவ்வாறே ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திறந்து பார்க்கவேண்டும். துடைத்த எஞ்சினிலே புதிதாய்த் தோன்றும் ஒரு துளி, தான் வந்த இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மாணவன் தந்தையாரிடம் இவற்றைச் சொன்னானாம். அவர் சிரித்துவிட்டு, வானின் முன்னாசனத்தைத் தூக்கிக் காட்டினாராம். அங்கே எஞ்சின் சுத்தமாக இருந்ததாம். பக்கத்திலே ஒரு பழந்துணியும் கிடந்ததாம். “அப்பா ஒவ்வொரு நாளும் துடைக்கிறவராம் சேர், நாங்கள்தான் ஒருநாளும் பாக்கேல்ல,” என்றான். மண்ணெண்ணெய்க் காலத்தில் அவரும் வண்டி ஓட்டியவர் என்பது பின்னர் தெரிந்தது.

நாமும் சென்ற ஞாயிற்றுக்கிழமை மொறிஸ் மைனரின் எஞ்சினைத் துடைத்தோம். பெற்றோல் குழாய் காபரேற்றரிலே சேரும் மூட்டின் கீழ், துடைத்த இடத்திலே, புதன்கிழமை ஒரு செம்மஞ்சட் கறை கண்டிருக்கின்றது. உள்ளேயிருக்கும் சிறு வளையம் தேய்ந்துவிட்டது போலும். கிளிநொச்சிக் கடைகளில் அவ்வளவு வளையம் கிடைக்கவில்லை. நாளை காலை பேருந்தில் வவுனியாவுக்குப் புறப்படுகின்றோம். வளையம் மாறும்வரை வண்டி கொட்டிலிலேயே நிற்கும்.